கம்ப்யூட்டருக்கும் முத்திரை உண்டு



நம் கடைகளில் எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அதற்கு முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். "தராசுதான் சரியாக நிறுக்கிறதே, முத்திரை எதற்கு?" என்று நாம் யாரும் கேட்பதில்லை. முத்திரைச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைக்கிறோம். எவனாவது ஒருவன் வந்து, "அண்ணாச்சி, ஆபீசுக்கு அலைய வேண்டாம். அதே மாதிரி முத்திரையை நானே குத்தித் தருகிறேன், 200 ரூபாய் கொடுங்கள்" என்றால் அவனைக் கடைப்படி ஏற விடுவோமா? விடமாட்டோம்.

ஆனால் அதே தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் பில் போடும் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தப் போலி முத்திரையை நாமே கேட்டு வாங்கிக் குத்திக் கொள்கிறோம். அதற்குப் பெயர்தான் ஆக்டிவேட்டர். சிலர் 'கிராக்' என்பார்கள். "எல்லாம் போட்டுத் தந்துவிடுகிறேன் சார்" என்று கம்ப்யூட்டர் விற்பவர் சொல்லும் அந்த 'எல்லாம்' என்ற ஒரு சொல்லுக்குள் இது அடங்கியிருக்கிறது. பில்லை எடுத்துப் பாருங்கள். மானிட்டர் இருக்கும், கீபோர்டு இருக்கும், யு.பி.எஸ். இருக்கும், பிரிண்டர் இருக்கும். விண்டோஸ் இருக்காது. கணக்கு எழுதும் சாப்ட்வேர் இருக்காது. பில்லில் இல்லாத சரக்கு கடையில் இருந்தால் அதிகாரி என்ன கேட்பார் என்பது நமக்குத் தெரியாததா?

ஆக்டிவேஷன் என்பது என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். ஆக்டிவேஷன் என்பது தவறான காரியம் அல்ல. காசு கொடுத்து வாங்கியவர்தான் பயன்படுத்துகிறாரா என்று சாப்ட்வேர் நிறுவனம் சரிபார்த்துக் கொள்ளும் முறை அது. வாங்கும்போது ஒரு சாவி எண் தருவார்கள். அதை இண்டர்நெட் வழியாகவோ போன் வழியாகவோ பதிவு செய்தால் சாப்ட்வேர் முழுமையாகத் திறக்கும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. முதல் இந்த முறை வீட்டுக் கம்ப்யூட்டர் வரைக்கும் பரவிவிட்டது.

பெரிய அலுவலகங்களுக்கு வேறு ஒரு ஏற்பாடு உண்டு. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய முடியாது என்பதால், அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்து மொத்தமாக ஆக்டிவேட் செய்து கொள்ளலாம். இதைக் கே.எம்.எஸ். என்கிறார்கள். விண்டோசுக்கு இந்த முறை வேலை செய்யக் குறைந்தது 25 கம்ப்யூட்டர்கள் வேண்டும். ஒரு முறை ஆக்டிவேட் செய்தால் 180 நாட்களுக்குச் செல்லும். அதற்குள் மறுபடியும் அந்தச் சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக் கொள்ள வேண்டும். மொத்த லைசென்ஸ் வாங்கிய நிறுவனங்களுக்கான சலுகை இது.

கள்ள ஆக்டிவேட்டர்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டைத்தான் ஏமாற்றுகின்றன. நம் ஒற்றைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்ச் சர்வரை உட்கார வைத்து, "நான் பெரிய அலுவலகத்துக் கம்ப்யூட்டர்" என்று விண்டோசை நம்ப வைக்கின்றன. அலமாரி நான்கு வைத்திருக்கும் மளிகைக் கடை, 25 கம்ப்யூட்டர் கம்பெனியாக வேடம் போடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் சாப்ட்வேர், 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. புத்தகம் எழுதியவருக்கு என்ன உரிமையோ அதே உரிமை சாப்ட்வேர் எழுதியவருக்கும் உண்டு. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 63-பி என்ற பிரிவை வணிகர்கள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. கூடவே 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அதே பிரிவில் ஒரு சலுகையும் இருக்கிறது. லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தாதவருக்கு, தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதிக்காமல் அபராதத்தோடு விட்டுவிடலாம். கவனிக்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்காக வீட்டில் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்க வழி உண்டு. பில் போட வைத்திருக்கும் நமக்கு அது கிடையாது. சட்டம் வணிகரைத் தனியே நிறுத்திப் பேசுகிறது.

2012-இல் வந்த திருத்தம் 65-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்து நுழைபவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. ஆக்டிவேஷன் என்பது ஒரு பூட்டு என்றால், ஆக்டிவேட்டர் என்பது கள்ளச்சாவி. இது போக, 64-ஆம் பிரிவின்படி சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி, காப்புரிமைக் குற்றம் நடந்ததாக நம்பினால் வாரண்ட் இல்லாமலேயே கள்ளப் பிரதிகளையும் அவற்றைத் தயாரிக்கப் பயன்பட்ட சாதனங்களையும் கைப்பற்றலாம். 63-ஆம் பிரிவின் கீழ் வரும் காப்புரிமை மீறல், பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

"போட்டுக் கொடுத்தவன் கம்ப்யூட்டர்க்காரன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கலாமா? 'தெரிந்தே' என்ற சொல் சட்டத்தில் இருப்பது உண்மைதான். உண்மையிலேயே தெரியாமல் ஏமாந்தவருக்கு அது கேடயம். ஆனால் பில்லில் சாப்ட்வேருக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை "ஆக்டிவேஷன் போய்விட்டது, வந்து போட்டுக் கொடு" என்று நாமே போன் செய்கிறோம். அப்புறம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? போட்டுக் கொடுத்தவர் மீதும் குற்றம் உண்டு. அதனால் நம் மீது இருப்பது குறைந்துவிடாது.

சின்னக் கடைக்கு யார் வரப் போகிறார்கள்?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும் கூட. பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகிறவர்கள் சந்தில் இருக்கும் மளிகைக் கடையைத் தேடி வருவது அரிது. ஆகவே போலீஸ் பயத்தைக் காட்டி மட்டும் இந்தக் கட்டுரையை எழுதினால் அது நேர்மை ஆகாது. நாம் பயப்பட வேண்டியது கடை வாசலில் வந்து நிற்கும் ஜீப்புக்கு அல்ல. கடைக்குள் நாமே கூப்பிட்டு உட்கார வைத்த ஆளுக்கு.

ஆக்டிவேட்டரை ஓட்டும்போது கம்ப்யூட்டர்க்காரர் முதலில் செய்வது என்ன என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆன்டிவைரசை நிறுத்துவார். நிறுத்தாவிட்டால் அது ஓடாது. பிறகு கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் அந்த புரோகிராமுக்குக் கொடுப்பார். அதாவது, காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு, முகம் தெரியாதவன் கையில் கல்லாச் சாவி, குடோன் சாவி, பெட்டிச் சாவி மூன்றையும் கொடுத்துவிட்டு, "நீ ஒரு பூட்டை மட்டும் திறந்து கொடுத்துவிட்டுப் போய்விடு" என்று சொல்கிறோம். அவன் போய்விட்டான் என்பதற்கு என்ன சாட்சி?

கே.எம்.எஸ்.பிகோ என்பது இந்த ஆக்டிவேட்டர்களில் மிகவும் பெயர் பெற்ற ஒன்று. அந்தப் பெயரில் பரப்பப்பட்ட கள்ள இன்ஸ்டாலர்களுக்குள் கிரிப்ட்பாட் என்ற பாஸ்வேர்டு திருடும் புரோகிராமை வைத்திருந்தார்கள் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2021 டிசம்பரில் வெளிப்படுத்தினார்கள். ஆக்டிவேஷனும் நடக்கும், திருட்டும் நடக்கும். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நாம் நினைத்துக் கொண்டிருப்போம்.

நம் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு இருக்கிறது. பேங்க் கணக்கைத் திறக்கும் வழி இருக்கிறது. இருபது வருடமாகக் கடன் கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர்களின் பற்று வரவு இருக்கிறது. எந்த மண்டியில் எந்த விலைக்குக் கொள்முதல் செய்கிறோம் என்ற ரகசியம் இருக்கிறது. பழைய காலத்தில் பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு போனார்கள் நம் பெரியவர்கள். அதே பேரேட்டை நாம் இன்று திறந்த திண்ணையில் வைத்திருக்கிறோம்.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அதற்கான மருந்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அந்த அப்டேட்டைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக் கொண்டன. ஆக்டிவேட்டர் போட்ட கடைகளில் "அப்டேட் ஆனால் ஆக்டிவேஷன் போய்விடும்" என்று சொல்லி அப்டேட்டையே நிறுத்தி வைக்கும் வழக்கம் இருக்கிறது. மருந்து வாசலில் வந்து நிற்கிறது. நாம் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம்.

கணக்கு அழிந்தால் நஷ்டம் நம்மோடு நிற்பதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர் அதற்குச் சரியான பேக்கப்பும் வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. "வைரஸ் வந்து போய்விட்டது" என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

விலை அதிகம் என்பது உண்மை

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் விலையையே எட்டிப் பிடிக்கும் அளவுக்கு விண்டோஸ், ஆபீஸ் இரண்டின் விலையும் இருந்தால் சின்ன வியாபாரி என்ன செய்வான்? ஒரு கிலோ சர்க்கரையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பார்ப்பவனுக்கு இந்தச் செலவு பெரிய செலவு. ஊருக்கு ஏற்ற விலை வைப்பது வியாபாரத்தின் அரிச்சுவடி. ஷாம்பூவை ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் விற்றுக் கிராமத்தைப் பிடித்தார்கள். சாப்ட்வேர்க்காரர்களுக்கு அந்தப் பாடம் இன்னும் முழுதாகப் புரியவில்லை என்பது என் கருத்து. இதை அவர்களிடம் நாம் கேட்க வேண்டும். உரக்கக் கேட்க வேண்டும்.

ஆனால் கேட்பதற்கு ஒரு தகுதி வேண்டும். போலி சோப்பு, போலி டீத்தூள், போலி மசாலாப் பாக்கெட் சந்தைக்கு வந்தால் முதலில் கொதித்து எழுபவர்கள் நாம்தான். அசல் சரக்கு விற்பவன் வயிற்றில் அடிக்கிறார்கள் என்கிறோம். அந்த நியாயம் நம் வாயிலிருந்து வரும்போது, நம் கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டர் அதற்கு எதிர்ச்சாட்சி சொல்லக்கூடாது.

சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் எல்லோரும் சீமைக் கோடீஸ்வரர்கள் என்று நினைப்பதும் சரியல்ல. நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி எப்படிப் பிறந்தது? ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வணிகர், ஆலைகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் சரக்கு சப்ளை செய்து வந்தவர், தன் கணக்கைப் பார்க்கச் சரியான சாப்ட்வேர் கிடைக்காமல் மகன் பாரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய கதை அது. மகனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு வணிகர் வீட்டில், வணிகர் தேவைக்காகப் பிறந்த சரக்கை, வணிகர்களாகிய நாமே கள்ளச்சாவி போட்டுத் திறக்கலாமா? ஊர்தோறும் சின்னச் சின்ன பில்லிங் சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் இளைஞர்களும் நம்மைப் போலச் சிறு தொழில் செய்பவர்களே.

என்ன செய்யலாம்?

ஒன்று: உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே அசல் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். பிராண்ட் கம்பெனி லேப்டாப் பலவற்றிலும் விண்டோசின் விலை சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் அத்தகைய கம்ப்யூட்டர்களில் சாவி எண்ணை மதர்போர்டிலேயே பதித்துத் தருகிறார்கள். பழுது பார்க்கும்போது அதை அழித்துவிட்டு, 'ஹோம்' இருந்த இடத்தில் 'புரோ' பதிப்பைப் போட்டு ஆக்டிவேட்டர் ஓட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். கையில் நெய்யை வைத்துக் கொண்டு வனஸ்பதிக்கு அலைந்த கதை. அதே 'ஹோம்' பதிப்பைத் திரும்பப் போட்டால், பெரும்பாலும் செலவில்லாமல் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

இரண்டு: செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால், அப்படி ஒரு சேவை நம் கடையில் இல்லையே என்று விற்றவரைக் கேளுங்கள்.

மூன்று: சில நூறு ரூபாய்க்குத் தனியாக விற்கும் சாவி எண்களை நம்ப வேண்டாம். சாவி எண் வேறு, உரிமை வேறு. பழைய கம்ப்யூட்டரிலிருந்தோ ஏதோ ஒரு கம்பெனியின் மொத்த லைசென்ஸிலிருந்தோ உருவி விற்கப்படும் எண்ணும் ஆக்டிவேட் ஆகும். ஆனால் அதற்கான உரிமை நம்மிடம் இருக்காது. ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லில் சாப்ட்வேரின் பெயர், பதிப்பு, எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாங்குங்கள். முறையான ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், தொழிலுக்காக வாங்கும் சாப்ட்வேருக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக் கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடையாது.

நான்கு: மதர்போர்டு மாற்றியதால் ஆக்டிவேஷன் போனால் அவசரப்பட்டு ஆக்டிவேட்டர் போடச் சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டரோடு வந்த லைசென்ஸ் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கே சொந்தம். ஆனாலும் பழுதினால் மாற்றியது என்றால், விற்ற கம்பெனி மூலமாக முறையாகத் திரும்பப் பெற வழி இருக்கிறது.

ஐந்து: இலவசம் என்று எழுதியிருப்பதையெல்லாம் கடையில் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். சில ஆன்டிவைரஸ்களும், ஆடிட்டர் ஆபீசிலிருந்து நம் திரையைப் பார்க்க உதவும் சில சாப்ட்வேர்களும் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். வியாபாரத்துக்குக் கட்டணம் உண்டு. டேலியின் பயிற்சிப் பதிப்பும் அப்படியே. மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு செய்ய விடுவது, அது கற்பதற்கானது என்பதால்தான்.

ஆறு: உண்மையாகவே இலவசமானதும் உண்டு. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டையும் எத்தனை கம்ப்யூட்டரிலும் வியாபாரத்துக்கும் சட்டப்படி பயன்படுத்தலாம்; ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனமே பாஸ் என்ற பெயரில் லினக்ஸ் தயாரித்து வெளியிட்டிருக்கிறது. விலைப் பட்டியல் அடிப்பது, கடிதம் எழுதுவது, கணக்குப் பட்டியல் போடுவது ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். விண்டோஸில் மட்டும் ஓடும் பில்லிங் சாப்ட்வேர் இருந்தால், அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் விண்டோஸ் வாங்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸை யோசிக்க இது ஒரு காரணம்.

நோட்டீஸ் வந்தால்?

சாப்ட்வேர் கம்பெனியின் பெயரில் கடிதமோ போனோ வந்தால் பதற வேண்டாம். அனுப்பியவர் யார் என்று முதலில் உறுதி செய்யுங்கள். இந்தப் பயத்தை வைத்துப் பணம் பறிப்பவர்களும் இருக்கக்கூடும். தனியார் கம்பெனியின் ஆட்களுக்கு நம் சம்மதமின்றிக் கடைக்குள் புகுந்து கம்ப்யூட்டரைத் திறக்கும் அதிகாரம் கிடையாது. நீதிமன்றம் நியமித்த கமிஷனரோ போலீஸ் அதிகாரியோ வந்தால் அது வேறு. வாயால் பேசி முடிக்காமல், வக்கீல் மூலம் எழுத்தில் பதில் கொடுங்கள். பயந்து போய் எல்லாவற்றையும் அழிப்பது புதிய சிக்கலைத்தான் கொண்டு வரும்.

சங்கம் செய்ய வேண்டியது

தனி ஆளாகக் கேட்டால் விலை குறையாது. நூறு மூட்டை சேர்ந்து எடுத்தால் மில்லில் என்ன விலை, ஒரு மூட்டைக்கு என்ன விலை என்பது நமக்குத் தெரியும். சங்கம் உறுப்பினர்களின் தேவையைக் கணக்கெடுத்து, பில்லிங் சாப்ட்வேர் நிறுவனங்களிடமும் விண்டோஸ் விற்பனையாளர்களிடமும் மொத்த விலை பேச வேண்டும். மாதத் தவணை கேட்க வேண்டும். ஒற்றைக் கம்ப்யூட்டர் கடைக்கென்று ஒரு சிறிய பதிப்பு கேட்க வேண்டும். லினக்ஸ் தெரிந்த இளைஞர் ஒருவரை அமர்த்தி மாதம் ஒரு நாள் உறுப்பினர்களுக்குக் கற்றுக் கொடுக்கலாம்.

கம்ப்யூட்டர் விற்பவர்களும் வணிகர்களே. அவர்களிடமும் ஒரு வார்த்தை. 'எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்று இனிச் சொல்ல வேண்டாம். அசல் இவ்வளவு, இலவச லினக்ஸ் என்றால் இவ்வளவு என்று இரண்டு விலையும் எழுதிக் கொடுங்கள். எதை எடுப்பது என்று வாங்குகிறவர் முடிவு செய்யட்டும். பக்கத்துக் கடைக்காரர் ஆக்டிவேட்டர் போட்டு ஆயிரக்கணக்கில் குறைத்து விற்கும்போது நேர்மையாக விற்பவர் எப்படிப் பிழைப்பார்? கலப்பட எண்ணெய் விற்பவன் பக்கத்தில் நல்லெண்ணெய் விற்றவருக்கு அந்த வலி தெரியும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. இந்த மாதம் பேக்கப் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் பில் போடும் கம்ப்யூட்டரைச் சரி செய்யுங்கள். மற்றவற்றை வசதிப்படி ஒவ்வொன்றாக மாற்றலாம். புதிதாக வாங்கும் கம்ப்யூட்டரில் மட்டும் பில்லில் இல்லாத எதையும் ஏற்றிக் கொள்வதில்லை என்று இன்றே முடிவு செய்து கொள்ளுங்கள். நாளைக்குக் கடையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும், கணக்கு எழுதும் பெட்டியும் சுத்தமாக இருக்க வேண்டும்.